யார் வீட்டு நேத்து, ராசா?

நேத்து எவ்வளவு செலவாச்சுன்னு கேக்கறதுக்கு நாலு எஞ்சினியர், ஒரு மேனேஜர், நடுவுல ஒரு வெள்ளைப் பலகை. நல்லா இருக்குப்பா உங்க பிழைப்பு! எங்க ஊர்ப் பொட்டிக்கடைக்காரன் இதே கேள்விக்குக் கல்லாவைத் திறந்து பாத்து ஒரு நிமிசத்துல பதில் சொல்லிடுவான். நீங்க என்னடான்னா, பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டுல கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து, ஏபிஐங்கற வாசல் வழியா கூகுளுக்கு ஒரு சீட்டு அனுப்பறீங்க. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும் எங்க விளம்பரக் கணக்கைக் கொடு"ன்னு கேக்கறீங்க. அவன் கொடுக்கறான். கொடுத்ததைப் பாத்துட்டு, "இது நாம கேட்ட கணக்கு இல்லையே"ன்னு தலையைச் சொறியறீங்க. அவன் சரியாத்தான் கொடுத்தான் ராசா. உனக்குக் கேக்கத் தெரியல.

சோபாவில சாஞ்சு பேப்பர் படிக்கற கிழவனுக்கு என்ன தெரியும்னு, வீட்டிலிருந்து வேலை பாக்கற நாள்ல ஸ்பீக்கரைத் திறந்து வச்சுப் பேசறே. காது எனக்கு நல்லாவே கேக்குது. ராயக்கோட்டைப் பக்கத்துல கர்ணம் வேலை பாத்தவன் நான். 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். ஒரே அவசரச் சட்டத்துல எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பற வரைக்கும் அடங்கலும் சிட்டாவும் எழுதினேன். தேதி போடறதுதான் எங்க தொழில். ஒரு தேதி இடறினா ஜமாபந்தியில தாசில்தார் முன்னாடி கைகட்டி நிக்கணும். உங்களுக்கென்ன, "டேட்டா இஷ்யூ"ன்னு ஒரு மெயில் தட்டிட்டுக் காபி குடிக்கப் போயிடறீங்க.

முதல்ல இதைச் சொல்லு. நாள்னு சொல்றியே, அது எப்பப் பொறக்குது? ராத்திரி பன்னிரண்டு மணிக்குன்னு உடனே சொல்லுவே. பஞ்சாங்கத்தைக் கேட்டா சூரியன் உதிச்சாத்தான் நாள். உதயத்துக்கு முன்னாடி பொறந்த குழந்தைக்கு முந்தின நாளோட கிழமையைத்தான் ஜோசியன் எழுதுவான். தமிழ் மாசம் பொறக்கறதுல இன்னொரு வேடிக்கை. சூரியன் ராசி மாறறது பொழுது சாயறதுக்கு முன்னாடின்னா அன்னைக்கே ஒண்ணாந்தேதி. பொழுது சாஞ்சப்புறம்னா மறுநாள்தான் ஒண்ணாந்தேதி. மலையாளத்துக்காரனுக்கு அதுக்கும் வேற விதி. அவ்வளவு ஏன், இந்த தேசத்துக்கே ஒரு நேரம் கிடையாது ஒரு காலத்துல. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில ரயில்காரங்க மெட்ராஸ் நேரத்துல வண்டி ஓட்டினாங்க. கல்கத்தாவும் பம்பாயும் அதது தன் கடிகாரத்தைப் பாத்துகிட்டு இருந்துச்சு. 1906 ஜனவரி 1-ல இந்திய நேரம்னு ஒண்ணு வந்தப்புறமும் பம்பாய்க்காரன் ரொம்ப வருசம் தன் நேரத்தை விடலை. ஆக, நாள்ங்கறது வானத்துல எழுதி வச்சதில்லை. நாலு பேர் கூடி ஒத்துக்கிட்டது. யாரோட ஒத்துக்கிட்டே, அதைச் சொல்லு மொதல்ல.

கூகுள் ஆட்ஸ்ல ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நேர மண்டலம் உண்டு. கணக்குத் திறக்கற அன்னைக்கே அது முடிவாயிடும். அப்புறம் உன் இஷ்டத்துக்கு மாத்திகிட்டிருக்க முடியாது. நீ ரிப்போர்ட்டுல தேதி போட்டுக் கேட்டா, அந்தக் கணக்கோட கடிகாரப்படிதான் நாளை வெட்டிக் கொடுப்பான். நீ பெங்களூருல இருக்கியா பெல்லந்தூருல டிராபிக்கில நிக்கிறியான்னு அவனுக்குக் கவலையில்லை. உங்க ஆபீஸ் நம்ம ஊர்க் கடைக்கு மட்டுமில்லாம துபாய்க் கடைக்கும் விளம்பரம் பாக்குது, சிங்கப்பூர்க் கடைக்கும் பாக்குது, நியூயார்க்குக்கும் பாக்குது. நாலு கணக்கையும் ஒரே தேதி போட்டு இழுத்து, கூட்டி, "ஜூலை 9 மொத்தச் செலவு"ன்னு டேஷ்போர்டுல பெருசா போடறே. சிங்கப்பூர்க்காரனுக்கு ஜூலை 9 முடிஞ்சு ரெண்டரை மணி நேரம் கழிச்சு நமக்கு முடியுது. நமக்கு முடிஞ்சு ஒன்றரை மணி நேரத்துக்கு அப்புறம் துபாய்க்கு. நியூயார்க்காரன் அதுக்கும் எட்டு மணி நேரம் பின்னால வரான். நாலு ஊர் ஜூலை 9-ஐயும் ஒரே குண்டான்ல கொட்டிக் கலக்கிட்டு, மேல ஒரே பேரை எழுதி ஒட்டினா ஆச்சா? கூட்டறது குத்தமில்லை, கீழே சின்னதா, "அந்தந்தக் கணக்கின் உள்ளூர் நாள்"னு ஒரு வரி எழுதினா விரல் தேஞ்சிடுமா?

காசு கொடுத்து விளம்பரம் போடறவன் கதை இது. தன் இணையதளத்துல இடம் விட்டுக் காசு வாங்கறவனுக்கு ஆட்சென்ஸ். அதுல ஏபிஐ மூலமா கணக்குக் கேக்கும்போது ரெண்டு கடிகாரத்துல ஒண்ணைப் பொறுக்கலாம்: உன் கணக்கோட நேரம், இல்லாட்டி கூகுளோட நேரம். கூகுளோட நேரம்னா லாஸ் ஏஞ்சல்ஸ் நேரம். அந்த ஊர்ல ராத்திரி பன்னிரண்டு அடிக்கறப்போ நமக்கு உச்சி வெயில், மத்தியானம் பன்னிரண்டரை. குளிர்காலத்துல ஒன்றரை. நீ சாப்பிட உக்காந்து ரசத்துக்கு வரும்போது அவனுக்கு அடுத்த நாள் பொறக்குது. இது தெரியாம காலையில பத்து மணிக்கு, "நேத்து வருமானம்"னு ஒண்ணை எடுத்து, மத்தியானம் இன்னொரு தடவை எடுத்து, ரெண்டும் வேற வேறயா இருக்குன்னு ஒருத்தன் போன்ல கத்தினானே போன மாசம், அவன்கிட்ட சொல்லு: சாப்பாட்டு நேரத்துல நாள் மாறிடுச்சு சாமி.

இப்ப உன் செர்வர் சமாச்சாரத்துக்கு வரேன். இங்கதான் கொஞ்ச நேரம் உக்காரப் போறேன், தண்ணி கொண்டா.

வாடகைக்கு எடுத்த செர்வர் எல்லாம் பெரும்பாலும் யுடிசியில ஓடுது, அதாவது கிரீன்விச் நேரம். நாம அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னால. எங்க கணக்குல சொன்னா பதிமூணே முக்கால் நாழிகை. கணக்கு வேணுமா? ஒரு நாழிகைக்கு 24 நிமிசம், அஞ்சரை மணிக்கு 330 நிமிசம், வகுத்துப் பாரு. முழு நாழிகையா வராம முக்கால்ல தொங்குது பாரு, அதுலயே அபசகுனம். உங்க ஆளுங்க ஸ்கிரிப்டை விடியக்காலம் ரெண்டு மணிக்கு ஓடற மாதிரி வச்சிருக்காங்க. ஊரெல்லாம் தூங்கற நேரம், செர்வருக்குப் பாரம் குறைவுன்னு நினைப்பு. ஜூலை 10 விடியக்காலம் ரெண்டு மணின்னு வச்சுக்கோ. செர்வருக்கு அப்ப ஜூலை 9 ராத்திரி எட்டரை. ஸ்கிரிப்ட் செர்வரைக் கேக்குது, "இன்னைக்கு என்ன தேதி?" அவன் சொல்றான், "9." அப்ப நேத்து? "8." கூகுளுக்கு ஜூலை 8-ன்னு தேதி போட்டுப் போகுது சீட்டு. ஜூலை 8 கணக்கை நீ முந்தின நாளே வாங்கியிருக்கணும். ஆனா முந்தின நாள் 7-தான் வந்திருக்கும். இப்படியே தினமும் ஒரு நாள் பின்னாடி. ஒழுங்கா பின்னாடி வரதால யாருக்கும் சந்தேகம் வராது. இதுதான் இதுல விசேசம். ஒரு நாள் சரியாவும் ஒரு நாள் தப்பாவும் வந்தா எவனாவது கண்டுபிடிச்சிடுவான்.

அந்த ஸ்கிரிப்டையே ஒருத்தன் பகல்ல ஓட்டிச் சோதிச்சுப் பாத்தானாம். அருமையா வந்துச்சாம். வராதா பின்ன? காலையில அஞ்சரைக்கு மேல ரெண்டு ஊருக்கும் ஒரே தேதி. பகல்ல சோதிச்சு ராத்திரியில ஓட விட்டா இப்படித்தான். ஜாவாஸ்கிரிப்டுல 'டு ஐஎஸ்ஓ ஸ்டிரிங்'னு ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டு முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தா தேதி கிடைக்குதுன்னு எல்லாரும் பழகியிருக்கீங்க. அது கொடுக்கறது யுடிசி தேதி. நம்ம ஊரு நடுராத்திரியிலிருந்து அஞ்சரை மணி வரைக்கும் அது நேத்தையைத்தான் இன்னைக்குன்னு சொல்லும். அதே ஜாவாஸ்கிரிப்டுல மாசத்தை எண்ணால கொடுக்கறப்போ ஜனவரியைப் பூஜ்யம்னு எண்ணணுமாம். யாரு கண்டுபிடிச்சா இதை? எங்க பிர்க்கா ஆபீஸ்ல கூட இந்தக் கூத்து இல்லை.

தினசரிக் கணக்கு ஒரு நாள் தள்ளிப் போனா சமாளிச்சுக்கலாம். மாசக் கணக்கு? சிக்பேட்டைப் பக்கம் ஒரு பட்டுக்கடைக்கு நீங்க மாசம் பொறந்தா ரிப்போர்ட் அனுப்பறீங்க இல்லையா? ஆகஸ்ட் 1, விடியக்காலம் ரெண்டு மணி. செர்வருக்கு இன்னும் ஜூலை 31. "போன மாசம்"னு கேட்டா ஜூன் கணக்கை எடுத்து, அழகா வட்டப் படம் எல்லாம் போட்டு, ஜூலை ரிப்போர்ட்னு தலைப்பு வச்சு அனுப்பிடுச்சு. ஆஷாடத் தள்ளுபடிக்குன்னு ஜூலையில கொட்டின காசு எங்கடான்னு முதலாளி கேட்டாராம். "சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி"ன்னு சொல்லிட முடியுமா அவர்கிட்ட? பஸ்ல மூணாவது ஆளா நெருக்கி உக்காரச் சொல்றதா அது? மாசக் கணக்குல ஒரு மாசமே தள்ளி உக்காந்திருக்கு.

உடனே ஒரு புத்திசாலி சொன்னான், கேட்டேன் நான்: "தேதியை நாமளே கணக்குப் போட வேண்டாம், கூகுளே தயாரா வச்சிருக்கற 'லாஸ்ட் மன்த்'னு அனுப்பிடலாம், அது கணக்கோட நேர மண்டலத்தைப் பாத்து அதுவே தேதி போட்டுக்கும்." பட்டுக்கடைக்கு அது சரி. அவங்க கணக்கு இந்திய நேரத்துல இருக்கு, ஆகஸ்ட் 1 விடிஞ்சாச்சு, ஜூலை வரும். அதே ஸ்கிரிப்டு அதே நிமிசத்துல நியூயார்க் கடைக்கும் ஓடுதே, அதை யோசிச்சியா? அங்க இன்னும் ஜூலை 31 சாயங்காலம் நாலரை. "போன மாசம்" அங்க ஜூன். ஒருத்தன் வியாதிக்குக் கொடுத்த மருந்து அடுத்தவனைப் படுக்க வச்சிடுச்சு.

அமெரிக்காக்காரன் கணக்கைத் தொடறதா இருந்தா இன்னொண்ணும் இருக்கு. அவன் வருசத்துக்கு ரெண்டு தரம் கடிகாரத்தைத் திருப்பறான். 2025-ல மார்ச் 9-க்கு 23 மணி நேரம், நவம்பர் 2-க்கு 25 மணி நேரம். உங்க ஆளுங்க பாதிப் பேர் 'நேத்து'ன்னா இப்ப இருக்கற நேரத்துல 24 மணியைக் கழின்னு எழுதி வச்சிருக்காங்க. நவம்பர் 2 ராத்திரி பதினொன்றரைக்கு நியூயார்க்ல நின்னு 24 மணி பின்னால போனா எங்க இருப்பே? அதே நவம்பர் 2, நடுராத்திரி தாண்டி அரை மணி. நேத்துக்குப் போறேன்னு கிளம்பி இன்னைக்கே திரும்பி வந்தாச்சு. சில்க் போர்டு ஜங்ஷன்ல மாட்டினவன் கூட ஒரு பத்தடி நகந்திருப்பான்.

சரி, கிண்டலே பண்ணிகிட்டிருந்தா எப்படின்னு கேப்பே. செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அந்தந்தக் கணக்கைக் கேளு, உன் நேர மண்டலம் என்னன்னு. அதைச் சொல்றதுக்குக் 'கஸ்டமர்'ங்கற தகவல்லேயே ஒரு கட்டம் இருக்கு, ஒரு வரியில கேட்டுடலாம். அந்த நேரத்துல இன்னைக்கு என்ன தேதின்னு பாரு, காலண்டர் தேதியில ஒண்ணு கழி. மணியைக் கழிக்காதே. அப்படி வந்த தேதியை ரெண்டு முனையிலயும் எழுதி, 'பிட்வீன்' போட்டு அனுப்பு. எந்தத் தேதி கேட்டேங்கறதையும் ரிப்போர்ட்டோட சேத்து எழுதி வை. நாளைக்கு முதலாளி கேட்டா, "சார், இதோ கேட்ட சீட்டு"ன்னு காட்டலாம். நாங்க அடங்கல்ல வெறும் நெல்லு, கேழ்வரகுன்னு மட்டுமா எழுதினோம்? எந்தப் பசலி வருசம், எந்த மாசம் போய்ப் பாத்ததுன்னு எழுதினாத்தான் கையெழுத்து செல்லும்.

தயார் வார்த்தைகள்ல இன்னும் கொஞ்சம் குழி இருக்கு. 'லாஸ்ட் 7 டேஸ்'னா கூகுள் ஆட்ஸ்ல இன்னைக்குச் சேத்தி இல்லை. நேத்தோட முடியற ஏழு நாள். போன வாரம்னு கேக்கப் போனா, "ஞாயிறு முதல் சனியா, திங்கள் முதல் ஞாயிறா?"ன்னு ரெண்டு தனித்தனி வார்த்தை வச்சிருக்கான். ஆனா வாரம் வாரமா பிரிச்சுக் கொடுன்னா திங்கள்லதான் ஆரம்பிப்பான். ஒரு பக்கத்துல ஞாயிறு வாரமும் இன்னொரு பக்கத்துல திங்கள் வாரமும் போட்டு ரெண்டையும் ஒப்பிட்டுப் பேசறவன் உங்க ஆபீஸ்ல எத்தனை பேரோ. 'பிட்வீன்' போட்டா ரெண்டு முனையும் சேத்தி. ஒண்ணாந்தேதியிலிருந்து எட்டாந்தேதி வரைக்கும்னா எட்டு நாள், அடுத்தது எட்டிலிருந்து பதினஞ்சுன்னு எழுதினே, எட்டாந்தேதியை ரெண்டு தரம் எண்ணிட்டே. வாராவாரம் ஒரு நாள் செலவு இரட்டிச்சா, கொஞ்ச நாள்ல கிளையண்ட் தான் பெரிய செலவாளின்னு தானே நம்ப ஆரம்பிச்சிடுவான்.

தேதியே போடாம விட்டா என்ன ஆகும்? கேட்டுக்கோ, இது பிரமாதம். கூகுள் ஆட்ஸ் ஏபிஐ, "தேதி சொல்லலையா, சரி, என்கிட்ட இருக்கறது எல்லாத்தையும் கூட்டித் தரேன்"னு மொத்தமா கொட்டிடும். நாள்வாரியா வேணும்னு கேட்டுட்டுத் தேதி போடாம விட்டா மட்டும் கோவிச்சுக்கும். ரெண்டு முனையும் இல்லாம நாள் கணக்குத் தர மாட்டேன்னுடும். ஃபேஸ்புக் நடத்தற மெட்டாக்காரன்கிட்ட தேதி போடாமப் போனா கடைசி 30 நாளைக் கொடுத்து அனுப்பறான். ஒரு வீட்ல வாயைத் திறக்காம நின்னா பத்தாயத்தையே காட்டறான், அடுத்த வீட்ல ஒரு படி அளந்து போடறான். ரெண்டையும் ஒரே அட்டவணையில பக்கத்துப் பக்கத்துல வச்சு, "கூகுள்ல செலவு ஜாஸ்தி"ன்னு ஒரு முடிவுக்கு வந்தாரே உங்க சின்ன மேனேஜர், அவருக்கு அப்ரைசல் எப்பன்னு சொல்லு.

எழுதற விதம் பத்தி ஒரு வார்த்தை. வருசம், மாசம், நாள், நடுவுல கோடு. அவ்வளவுதான். 03/04-ன்னு எழுதினா நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்காக்காரனுக்கு மார்ச் 4. பழைய ஆட்வேர்ட்ஸ் ஏபிஐயில எட்டு இலக்கத்தையும் ஒட்டி எழுதி, ரெண்டு தேதிக்கு நடுவுல காற்புள்ளி வச்சுக் கேட்டீங்க. அந்தக் கடையை 2022 ஏப்ரல் 27-ல மூடியாச்சு. உங்க பழைய ஸ்கிரிப்டுல அது இன்னும் கிடக்குதாம், "தொடாதே, ஓடுது"ன்னு மேல எழுதி வச்சிருக்கீங்களாம். எங்கடா ஓடுது?

இனிமே சொல்றதுதான் கொஞ்சம் வில்லங்கம். அல்சூர் ஏரிக்கரையில திருவள்ளுவர் சிலை இருக்கே, பாத்திருக்கியா, இல்லை அந்தப் பக்கம் பிரியாணிக்கு மட்டும்தான் போவியா? சிலையை 1991-லேயே கொண்டாந்து வச்சாச்சு. எதிர்ப்புக் கிளம்பி, துணி போட்டு மூடினபடியே பதினெட்டு வருசம் நின்னாரு வள்ளுவரு. 2009 ஆகஸ்ட் 9-ல கருணாநிதியும் எடியூரப்பாவும் கூடத் திறந்து வச்சாங்க. நாலு நாள் கழிச்சு சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தாங்க. இப்ப நீ ஒரு கணக்கு எழுதறே, எந்த வருசம் எத்தனை சிலைன்னு. வள்ளுவரை 1991-ல எழுதுவியா, 2009-லயா? ரெண்டும் தப்பில்லை. ஆனா எதுல எழுதினேன்னு சொல்லாம விட்டா, நீ பொய் சொல்றவன்.

விளம்பரத்திலயும் இதேதான். ஒரு அம்மா ஜூலை 1-ல விளம்பரத்தைக் கிளிக் பண்றா. சேலையைப் பாக்கறா, மூடிடறா. மாமியாரைக் கேட்டு, நாத்தனாரைக் கேட்டு, ஜூலை 20-ல வாங்கறா. கூகுள் இந்த விற்பனையைச் சாதாரணமா கிளிக் பண்ணின நாள்ல, அதாவது ஜூலை 1-ல எழுதுது. வாங்கின நாள்ல எழுதின கணக்கு வேணும்னா அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு, அதைக் கேக்கணும். கிளிக்குக்கும் விற்பனைக்கும் நடுவுல எத்தனை நாள் வரைக்கும் ஒத்துக்கலாம்னு ஒரு கெடு உண்டு; சாதாரணமா 30 நாள், 90 வரைக்கும் நீட்டிக்கலாம். மெட்டாவிலயும் விற்பனையை எந்த நாள்ல எழுதணும்னு சொல்றதுக்கு ஒரு சொல் வச்சிருக்கான்.

இதனால என்ன ஆகுதுன்னா, ஜூலை 1 கணக்கை ஜூலை 2-ல எடுத்தா ஒரு எண், ஜூலை 31-ல எடுத்தா வேற எண். போன நாள் வளந்துகிட்டே இருக்கு. உங்க பையன் ஒருத்தன் இதைப் பாத்துட்டு, "கூகுள் ஏமாத்தறான்"னு கண்ணு சிவக்கக் கத்தினான். ஏமாத்தலைடா, மாமியார் இப்பதான் சம்மதிச்சிருக்கா. குறையறதும் உண்டு: போலிக் கிளிக்குன்னு பின்னால தெரிஞ்சா அதைக் கழிச்சுடுவான். அதனால தினமும் நேத்தை மட்டும் எடுத்து, எடுத்ததைக் கல்வெட்டாக்கி வச்சா உருப்படாது. தினமும் கடைசி முப்பது நாளையும் திரும்ப எடு, உங்க கெடு 90-ன்னா தொண்ணூறையும் எடு. பழசை அழிச்சுட்டு அதே இடத்துல புதுசை எழுது. அழிக்காம அடியில சேத்துகிட்டே போனே, ஒரே நாள் முப்பது தரம் வந்து உக்காந்துக்கும். அப்ப டேஷ்போர்டுல கோடு வானத்துக்கு ஏறும். முதலீடு போட்டவங்க கைதட்டுவாங்க, அது வேற விசயம்.

இன்னைக்குக் கணக்கை இன்னைக்கே கேக்கறவனுக்கும் சொல்லி வை. கிளிக்கும் காட்சியும் கூகுள் கணக்குல வந்து சேரவே மூணு மணி நேரம் போல ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்துட்டு, "இன்னைக்கு வியாபாரம் டல்"லுன்னு முகத்தைத் தொங்கப் போட்டு பட்ஜெட்டை மாத்தறது... வேண்டாம், விடு.

நாள்வாரியாக் கேட்டா, ஒண்ணுமே நடக்காத நாளுக்கு வரியே வராது. பூஜ்யம்னு கூட எழுத மாட்டான். ஏழு நாள் கேட்டே, அஞ்சு வரி வந்துச்சுன்னா ரெண்டு நாள் விளம்பரம் ஓடலைன்னு அர்த்தம். நீ அஞ்சால வகுத்து சராசரி போட்டுடாதே.

பழசு எவ்வளவு தூரம் கேக்கலாங்கறதுக்கும் வேலி இருக்கு. ஒவ்வொரு கிளிக்கா பாக்கற ரிப்போர்ட்டை ஒரு தடவைக்கு ஒரே ஒரு நாளுக்குத்தான் கேக்கலாம், அதுவும் 90 நாளுக்குள்ள. யாரு எப்ப எதை மாத்தினாங்கற பட்டியல் 30 நாள்தான். மெட்டாவுல ஆதியிலிருந்து வேணும்னு 'மேக்ஸிமம்' போட்டாலும் 37 மாசத்துக்கு மேல வராது. அதனால வேணுங்கறதை அப்பப்ப எடுத்து உன் வீட்ல வச்சுக்கோ. நான் எழுதின அடங்கல் தாலுக்கா ஆபீஸ்ல கரையானோட இன்னும் இருக்கும். உங்க மேனேஜர் போன வைகாசியில என்ன பட்ஜெட் வச்சிருந்தார்னு கேளு, ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான்.

கடைசியா வருசம். வருசத்துக்கு வருசம் ஒப்பிட்டுக் காட்டுன்னு முதலாளிங்க கேக்கறாங்க இல்லையா, எந்த வருசம்? கூகுளுக்கு ஜனவரியில ஆரம்பம். அவன் முதல் காலாண்டு மார்ச்சுல முடியும். உங்க ஆடிட்டருக்கு முதல் காலாண்டு ஏப்ரல்லதான் ஆரம்பம். எங்களுக்குப் பசலி, ஜூலை 1-ல பொறக்கும். 2025 ஜூலையில பொறந்தது பசலி 1435. சிரிக்காதே. பெங்களூருல உகாதிக்கு நகைக்கடையும் துணிக்கடையும் விளம்பரத்துக்குக் கொட்டறாங்களே, அதை வச்சுப் பாரு. 2024 உகாதி ஏப்ரல் 9. 2025 உகாதி மார்ச் 30. நிதியாண்டா எடுத்தா, 2024-25-ங்கற ஒரே வருசத்துக்குள்ள ரெண்டு உகாதி விழுந்திருக்கு! அந்த வருச விற்பனையைக் காட்டி, "எங்க ஏஜென்சி கைவண்ணம்"னு நீங்க போனஸ் வாங்கியிருப்பீங்க. பசலியில பாரு, 1433-ல ஒண்ணு, 1434-ல ஒண்ணு, சமத்தா உக்காந்திருக்கு. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்குப் பிள்ளைங்களுக்கு ஏதோ கொஞ்சம் புத்தி இருந்திருக்குன்னு இப்பவாவது ஒத்துக்கோ.

தீபாவளி அதை விட மோசம். 2023-ல நவம்பர் 12, 2024-ல அக்டோபர் 31, 2025-ல அக்டோபர் 20. அக்டோபருக்கு அக்டோபர் வச்சு ஒப்பிட்டா 2024-ல ஆகாயத்துல பறந்திருப்பீங்க, காரணம் முழுக்க நரகாசுரன். மாசத்தை வச்சு ஒப்பிடாதே. தீபாவளிக்கு முந்தின 21 நாள்னு ரெண்டு வருசத்துக்கும் தனித்தனித் தேதி எழுதிக் கேளு. 'லாஸ்ட் மன்த்'ங்கற சோம்பேறி வார்த்தைக்கு இதெல்லாம் தெரியாது. பஞ்சாங்கத்தைப் பாத்து நீதான் போடணும். ஆத்துல கொட்டினாலும் அளந்து கொட்டுன்னு சொல்றது இதுக்குத்தான். உங்க முதலாளிங்க கொட்டறதைத்தான் பாத்துகிட்டிருக்கேனே.

2026 தீபாவளி நவம்பர் 8. புரியுதா? அந்த வருச அக்டோபரை 2025 அக்டோபரோட வச்சுப் பாத்தா பாதாளத்துல விழுந்த மாதிரி தெரியும். அந்த ரிப்போர்ட் கிளையண்ட் கைக்குப் போறப்போ, நீ முன்னாடியே லீவு எழுதிக் கொடுத்துட்டு ஊருக்கு பஸ் ஏறிடு. மீட்டிங்குக்கு உங்க சின்ன மேனேஜரை அனுப்பு. தேதி போடாம கணக்குக் கேட்டவர்தானே, தேதி குறிக்காம வசவு வாங்கட்டும்.